கல்லில் மூன்றாவது பெயர்

என் அப்பா மலேசியாவில், ஈப்போ ஆஸ்பத்திரியில் இறந்தார். சர்க்கரை வியாதி கால் கட்டைவிரலில் தொடங்கி, முழங்கால் வரை ஏறி, சிறுநீரகத்தில் போய் முடிந்தது. நான் அப்போது அந்த ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாக இருந்தேன். அவர் கண்களை என் கையால் மூடியதும், தாடைக்குத் துணி கட்டியதும் நான்தான். அதனால், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில், உலகப் போரில் உயிர் விட்டவர்களுக்காக நட்ட கல்லில் அவர் பெயர் இருக்கிறது என்று மகன் போனில் ஒரு படத்தைக் காட்டியபோது, வேறு யாரோ ஒரு சுடலைமுத்து என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டேன்.

மகன் விடவில்லை. படத்துக்குக் கீழே ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் போட்டிருந்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. அப்பா தன் ஊர்ப் பெயரை எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார், நான் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதியபோது. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் வந்தவர். சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரனிடம் பிடிபட்டவர். போர் முடிந்ததும் கப்பலேறாமல் மலேயாவிலேயே நின்றுவிட்டார். ரப்பர்த் தோட்டத்தில் காவல்காரராக இருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை என்பார். அதற்கு மேல் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

எனக்கு எழுபதுக்கு ஒரு வயது குறைச்சல். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் நோயாளியின் சீட்டில் ஒரு வரி தப்பாக எழுதியிருந்தால் அதைத் திருத்தாமல் வீட்டுக்குப் போக முடியாத வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தது என்று நினைக்கிறேன்.

சங்கரன்கோவிலில் இறங்கியபோது நடு மதியம். லாட்ஜில் இரண்டாம் மாடியில் அறை கொடுத்தார்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கும்மா, ஓடாது" என்றார் மேசையில் இருந்தவர். ஒவ்வொரு படியாக நின்று ஏறினேன். ஜன்னலைத் திறந்தால் பின் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஈப்போவில் என் வீட்டுக்குப் பின்னால் பட்டறை ஒன்று உண்டு, சத்தம் எனக்குப் புதிதில்லை. இந்தச் சத்தம் மூச்சு விடாமல் அடித்தது. பத்து நிமிடத்தில் காதுக்குப் பழகிவிட்டது. தூங்கிவிட்டேன்.

எழுந்து பிரியாணி சாப்பிட்டேன். இந்த ஊர் அதற்குப் பேர் போனதாம், மதுரையிலிருந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண் மூன்று முறை சொல்லிவிட்டாள். சின்னச் சின்ன அரிசி, வாயில் வைத்ததும் கரைகிற கறி. எங்கள் ஊரில் தட்டு நிறையப் போட்டு, ஓரத்தில் அச்சார் ஊறுகாயும் வைப்பார்கள். இங்கே இலையில் அளவாக வைத்துவிட்டு, போதுமா என்று கேட்காமலே போய்விட்டார் பரிமாறுபவர். அளவு எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கோயிலில் கோமதி அம்மன் சன்னதிக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தேன். ஒரு பெண் என் முட்டியைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த புற்றுமண்ணில் பாதியைக் கிள்ளிக் கொடுத்தாள். மூன்று நாள் பூசினால் வலி போய்விடும் என்றாள். பூசினேன். வலி போகவில்லை. ஆனால் ஊரில் இறங்கி நான்கு மணி நேரத்துக்குள் முன்பின் தெரியாத ஒருத்தி என் முட்டியைப் பற்றி யோசித்திருக்கிறாள்.

மறுநாள் காலை தப்பான பஸ்ஸில் ஏறினேன். கிராமத்து வழியாகப் போகிற திருவேங்கடம் பஸ் என்றுதான் கேட்டேன். யாரோ தலையாட்டினார்கள், ஏறிவிட்டேன். டிக்கெட்டுக்குப் பணம் நீட்டினால் கண்டக்டர் வாங்கவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு இல்லையாம். நான் வெளிநாட்டுக்காரி என்று சொல்லிப் பார்த்தேன். "பொம்பளைதானம்மா?" என்று கேட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அந்த மரியாதையில் மயங்கி ஜன்னல் பக்கம் சாய்ந்து வந்ததில், பனவடலிசத்திரம் வந்து எல்லோரும் இறங்கிய பிறகுதான் தப்பு தெரிந்தது. நேர் எதிர்த் திசை. அங்கே ஒரு டீ குடித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் மக்காச்சோளத்துக்குள் காட்டுப்பன்றி இறங்கிவிட்டதைப் பேசிக்கொண்டே வந்தார்கள். பன்றி தின்றது கொஞ்சம்தானாம், மிதித்ததுதான் அதிகமாம். ஒருத்தி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள், மற்றவள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போல ஆமாம் போட்டாள்.

கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். கரிசல் காடு, தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள், ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பஸ் நின்ற இடத்துக்கு எதிரிலேயே கல் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில், நீலப் பெயிண்ட் அடித்த மேடை மேல், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கல்.

இவ்வூரிலிருந்து யுத்தத்துக்குப் போனவர் 11. உயிர் விட்டவர் 3. அதற்குக் கீழே மூன்று பெயர்கள். முதல் இரண்டும் ஒரே கை வெட்டியவை, ஆழமாக, நேராக. மூன்றாவது சுடலைமுத்து. எழுத்துகள் சின்னதாகி, கோணலாகி, கடைசி எழுத்து கல்லின் ஓரத்தில் இடிக்காத குறையாக நின்றது. 3 என்ற எண்ணும் கொஞ்சம் விகாரமாக இருந்தது. கீழ் வளைவு உளியால் தோண்டிய பள்ளம் போலத் தெரிந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். மீசைக்கு மை போட்டிருந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைப் போனில் போட்டவரும் அவர்தான்.

கல்லின் கதையை அவரே சொன்னார். போர் முடிந்த பிறகு அதைப் பள்ளிக்கூடச் சுவரில் பதித்திருக்கிறார்கள். ஒரு மழையில் சுவர் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு கல் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. ஊரே அதன் மேல் நின்று கால் கழுவியிருக்கிறது. இவரும் சின்ன வயதில் கழுவியவர்தான். பிறகு பட்டாளத்தில் சேர்ந்து, ஒரு லீவில் வந்தபோது, யாரோ கிணற்றடியைச் சிமெண்ட் போடக் கல்லைப் புரட்டியிருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் என்றார். அன்றிலிருந்து மனு எழுத ஆரம்பித்தவர். மேடை கட்டவே வருஷக்கணக்கில் ஆனது. இப்போது கல் பொரிந்து உதிர்வதால் புதிதாகக் கறுப்புக் கிரானைட்டில் சங்கரன்கோவிலில் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பழைய கல்லில் செத்தவர்கள் பெயர் மட்டும்தான், புதிதில் போன பதினொரு பேர் பெயரும் வரும். எட்டுப் பேர் பெயரை வீடு வீடாகக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்.

நான் யார் என்று கேட்டார். மலேசியா, எங்கள் குடும்பமும் இந்தப் பக்கம்தான் என்றேன். அது பொய்யில்லை. அவருக்குச் சந்தோஷம். கடைசிப் பெயரைக் காட்டி, "இவரு மக இன்னும் இருக்காவ. வருசா வருசம் மாலை கொண்டாந்து போட்டுட்டுப் போவாவ" என்றார்.

மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து அவர் தண்ணீர் வாங்கி வந்தார். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று அறுபத்தொன்பது வயதில், பஸ் நிறுத்தத்தில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அவரே என்னை அழைத்துப் போனார். ஆட்டுக் கொட்டிலைத் தாண்டி ஒரு சின்னக் காரை வீடு. வாசலில் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, அதில் மிளகாய் வத்தலைக் கொட்டி, வெளுத்துப்போன சோடையைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண்மணி. பெயர் மாடத்தி. எண்பத்தைந்து வயது இருக்கும். அப்பாவின் காதுகள் அவளுக்கு இருந்தன. எனக்கு வராத காதுகள். ஹவில்தார் என்னை அறிமுகம் செய்து முடிப்பதற்குள் பந்தல்காரர் போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே நடந்து போய்விட்டார்.

"எங்கன இருந்து வாரீங்க தாயி?" என்றாள் மாடத்தி.

மலேசியா என்றேன். வத்தலைப் பிரித்த விரல்கள் நின்றன. திரும்ப ஓடத் தொடங்கின. தலை நிமிராமலே கேட்டாள்:

"இருக்காரா, போய்ட்டாரா?"

எத்தனையோ பேரிடம் மரணச் செய்தி சொல்லியிருக்கிறேன். எப்படி உட்கார வேண்டும், எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் தெரியும். அன்றைக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"போய்ட்டார் அக்கா. ரொம்ப வருஷமாச்சு."

அக்கா என்று வாயில் தானாக வந்தது. அவள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எந்த வியாதி, எத்தனை நாள் படுத்திருந்தார், யார் கொள்ளி வைத்தது என்று வரிசையாகக் கேட்டாள். சொன்னேன். பிறகு அவள் சொன்னாள், வத்தலைப் பார்த்துக்கொண்டே.

அப்பா கப்பலேறியபோது அவள் கைக்குழந்தை. போர் முடிந்து மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இரண்டு வீட்டுக்குச் சாவுத் தந்தி வந்தது. இவர்கள் வீட்டுக்கு எதுவும் வரவில்லை. கல் நட்டபோது அதில் இரண்டு பெயர்தான். அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அவள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் படித்துச் சொன்னார். சௌக்கியமாக இருக்கிறேன், இங்கே ஒரு குடும்பம் ஆகிவிட்டது, என்னை எதிர்பார்க்க வேண்டாம், பிள்ளையை நல்ல இடத்தில் கொடு. இவ்வளவுதான்.

அந்த அம்மா கடிதத்தை அடுப்பில் வைத்தாள். பிறகு தெருவுக்கு வந்து, பர்மாவோ மலேயாவோ, அங்கே செத்துப் போனாராம் என்று சொல்லி அழுதாள். தாலியை அவளே அறுத்தாள். தபால்காரர் சாகும்வரை வாய் திறக்கவில்லை. அம்மி கொத்துகிறவன் ஒருவன் ஊருக்கு வந்தபோது, ஒரு மரக்கால் கம்பு கொடுத்து, பள்ளிக்கூடச் சுவரில் இருந்த கல்லில் பெயரை வெட்டச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாதவன். வாத்தியார் கரியால் எழுதிக் கொடுத்ததன் மேலேயே கொத்தியிருக்கிறான். 2 என்று இருந்ததை 3 ஆக்கியதும் அவன்தான்.

இவ்வளவையும் அந்த அம்மா மாடத்திக்கு எப்போது சொன்னாள் தெரியுமா? மாடத்தியின் கணவர் இறந்த பதினாறாம் நாள். "உனக்கு விதி அறுத்துச்சு. எனக்கு நானா அறுத்துக்கிட்டேன்னு சொன்னா. அதுக்குப் பொறவு அதப் பத்திப் பேசினதே இல்ல" என்றாள் மாடத்தி.

கொட்டிலில் ஆடு ஒன்று கத்தியது. அவள் எழுந்துபோய்க் கருப்பட்டிக் காப்பி போட்டு வந்தாள். ஒரு தட்டில் காரச்சேவு. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, கருப்பட்டியும் கூடாது. குடித்தேன். பாதி குடிக்கும்போது கேட்டாள்:

"எங்களக் கேட்டிருக்காரா?"

பொய் சொல்லியிருக்கலாம். கேட்பார் அக்கா, கடைசி நாளில் உன் பெயரைச் சொன்னார் என்றால் முடிந்தது. அந்த மாதிரிப் பொய்களை வார்டில் சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"இல்ல அக்கா. ஒரு நாளும் கேட்டதில்ல."

தலையை ஆட்டினாள். "கேட்டாருன்னு சொல்லிருந்தீன்னா, நீ சொன்ன மத்த எதையும் நம்பிருக்க மாட்டேன்" என்றாள். எப்போது நீங்கள் போய் நீ வந்தது என்று நான் கவனிக்கவில்லை.

நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை, நாளைக்கே கிளம்பிவிடுகிறேன் என்றேன். ஊரில் இறங்கும்போது கல்லைத் திருத்த வேண்டும் என்றிருந்தேன். இப்போது அந்த எண்ணத்தில் காற்று இறங்கிவிட்டது. அவள் புதுக் கல்லை எந்தக் கடையில் வெட்டுகிறார்கள், வெட்டி முடித்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

திரும்புவதற்குப் பஸ் இல்லை. தீவனக் கட்டு ஏற்றிய ஒரு சின்ன வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து அனுப்பினார்கள். வழியெல்லாம் அவர் மலேசியாவில் கார் ஓட்ட என்ன சம்பளம் என்று விசாரித்தார். நான் ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். லாட்ஜ் மாடி ஏறும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் காலை பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஆள் வந்தது. இறங்கிப் போனேன். வரவேற்பு மேசைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மாடத்தி. காலில் செருப்பு இல்லை, மடியில் ஒரு துணிப்பை. பக்கத்தில் ஹவில்தார் நின்றுகொண்டிருந்தார், முந்தைய நாளைவிட வயதானவராக.

அவள் விடியற்காலையில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். டீக்கடையில் நாலு பேர் கேட்கும்படியாகவும் சொல்லியிருக்கிறாள். நான் பதறிப்போனேன். ஏன் அக்கா, எதற்கு, நான்தான் சொல்ல மாட்டேன் என்றேனே என்றேன்.

"மத்த ரெண்டு வீட்டு ஆளும் அங்கன வந்து நிப்பாவ. நெசமாவே செத்தவங்களுக்கு மாலை போடுவாவ. நானும் அவங்க பக்கத்துல நின்னு போடுவேன், அவங்களாட்டம் அழுதுகிட்டு. எங்கம்மைக்கு அந்தப் பேரு வேண்டியிருந்துச்சு. அவ போயாச்சு. எனக்குச் சடவா இருக்கு" என்றாள். சடவு என்றால் அலுப்பு. அந்தச் சொல்லை அப்பாவும் சொல்வார், ஷிப்டு முடிந்து வந்து நாற்காலியில் விழும்போது. அது இந்த ஊர்ச் சொல் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். ஹவில்தார் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று வீரர்கள் என்று அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தாகிவிட்டது. எத்தனை மனுவில் அந்தப் பெயரை அவர் கையால் எழுதியிருப்பார். சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமல், "அவரு போனது நெசந்தானே அம்மா. அது போதும்" என்றார். ஒரு கட்டிங் மெஷின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் ஆட்டோ நின்றது.

தகரக் கூரை போட்ட பட்டறை. வெள்ளைத் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. புதுக் கல் இரண்டு மரக்கட்டை மேல் படுத்திருந்தது, கண்ணாடி போல. கல் வெட்டுகிறவர் நாற்பது வயதுக்காரர், வாயில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். வலது பக்கம், உயிர் நீத்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர்களை வெட்டி முடித்திருந்தார். மூன்றாவதும், இடது பக்கம் முழுவதும் இன்னும் மஞ்சள் சாக்பீஸ் எழுத்தாகவே இருந்தன. இடப்பக்கத் தலைப்பு: போய் வந்தவர்கள். அதன் கீழே எட்டுப் பெயர்.

"அவரு பேரு எது?" என்று மாடத்தி என்னைக் கேட்டாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. இத்தனை வருஷமும் கோணல் எழுத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறாள். இங்கே எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நான் விரலை வைத்துக் காட்டினேன். முந்தானையை எச்சில் தொட்டு, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தாள். அவசரப்படவில்லை. கல் வெட்டுகிறவர் ஹவில்தாரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"அப்போ திரும்பி வந்துட்டாரா ஆச்சி? இந்தப் பக்கம் எழுதிரவா?" என்று இடது பக்கத்தைக் காட்டினார்.

"வரலப்பா."

அவருக்குப் புரியவில்லை. சாகவும் இல்லை, வரவும் இல்லை என்றால் எங்கே எழுதுவது என்று கேட்டார். கல்லில் அதற்கு இடம் இல்லை.   மாடத்தி அந்த எட்டுப் பெயருக்கு மேலே இருந்த தலைப்பைக் காட்டி, அது என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். படித்துச் சொன்னேன்.

"போய் வந்தவங்கன்னு எதுக்கு? போனவங்கன்னு வெட்டு. எட்டுப் பேரும் போனாவ, இவரும் போனாரு. அம்புட்டுதான்."

கல் வெட்டுகிறவர் ஈரத்துணியை எடுத்துத் தலைப்பை அழித்துவிட்டு, சாக்பீஸைத் தேடினார்.